ஏர் ரைஃபிள் குறி தவறுகிறதா? பேரலை மாற்றும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு அப்பாவும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் ரேஞ்சுக்கு வந்தார்கள். கையில் 0.177 அங்குல (4.5 மி.மீ.) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், பேரலை மடக்கி லோடு செய்யும் வகை. "சார், பேரல் தேஞ்சு போச்சு. புதுசு போடணும். எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க" என்றார் அப்பா. மகள் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். 10 மீட்டரில் சுட்ட பத்துக் குண்டும் ஒரு வெற்றிலை அகலத்துக்குச் சிதறியிருந்தன. ஆறு மாதத்துக்கு முன்பு இதே துப்பாக்கியில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

"பேரலை யார் பார்த்துச் சொன்னாங்க?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. குறி தவறினால் பேரல் கெட்டுவிட்டது என்று எல்லாரும் சொல்வதால் அவரும் சொன்னார்.

ஏர் ரைஃபிள் பேரல் சுட்டுச் சுட்டுத் தேய்வது மிக அரிது. இதில் வெடிமருந்து கிடையாது, சூடு கிடையாது. பெல்லட் என்ற குண்டு மென்மையான ஈயம், பேரல் எஃகு. 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. இப்படிப்பட்ட பேரல் கெடுகிறது என்றால் காரணம் துருவாக இருக்கும், தவறாகச் சுத்தம் செய்ததாக இருக்கும், பேரல் வாயில் அடிபட்டதாக இருக்கும், அல்லது மடக்கித் திறந்த நிலையில் ட்ரிகரை அழுத்திப் பேரல் அடித்து மூடியதாக இருக்கும். அதனால் நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் போவேன். செலவில்லாததும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதும் முதலில். உலோகத்தைத் தொடும் வேலை கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன்பின் ஒரு அட்டை. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

வேலைக்கு முன் ஒரு சொல். லோடு இல்லை என்று நினைக்கும் துப்பாக்கியையும் லோடு ஆனதாகவே பாவியுங்கள். பேரல் வாயைக் கண்ணருகே கொண்டுபோகும் முன் பிரீச்சை (பெல்லட் வைக்கும் பின்முனை) திறந்து விரலும் கண்ணும் வைத்து உறுதி செய்யுங்கள். மடக்கும் வகையில் பேரல் திறந்திருக்கும்போது அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் பெல்லட் வைக்க வேண்டும். நழுவினால் விரல் போய்விடும். சோதனை முழுக்கக் கண்ணாடி அணியுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ குடிக்காதீர்கள்.

முதலில் மூன்று அட்டை

பிரச்சினை எவ்வளவு பெரிது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது. காற்றில்லாத இடத்தில் 10 மீட்டர் அளந்து, மேசையில் மணல் மூட்டை வைத்து, ஒரே டின் பெல்லட்டில் ஒரு அட்டைக்குப் பத்துக் குண்டாக மூன்று அட்டை சுடுங்கள். ஐந்து குண்டு போதாது. மோசமான துப்பாக்கியும் சில நேரம் ஐந்தை ஒன்றாகப் போட்டுவிடும். பத்தில் அந்த அதிர்ஷ்டம் நிற்காது. ஒன்று வெளியே போனால் "அது என் தப்பு" என்று கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

அளப்பது எளிது. மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து ஒரு பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ. கழியுங்கள். கிடைப்பது மையத்துக்கு மையம் உள்ள தூரம். நல்ல போட்டி ரைஃபிளை வைஸில் கட்டி, அதற்குப் பொருந்தும் பெல்லட்டைப் போட்டால் பத்தும் ஒரே ஓட்டையாகத் தெரியும், 1.5 முதல் 2 மி.மீ.க்குள் நிற்கும். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் மணல் மூட்டை மேல் 10 முதல் 15 மி.மீ. வந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 25 மி.மீ. தாண்டினால்தான் தேடத் தொடங்குவேன்.

இப்போது அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும். க்ரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) இறுக்கமாக இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் பேரல் நிரபராதி, பார்வைக் கருவியான சைட்தான் நகர்ந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு 4-ம் வளையத்தில் போய் விழுந்ததாக அபினவ் பிந்த்ரா பின்னால் சொல்லியிருக்கிறார். அவர் சைட்டைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8, தங்கம் கிடைத்தது. இடம் மாறுவது வேறு, சிதறுவது வேறு. அந்த நெருக்கடியிலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளாததுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் மாறுகிறது, அல்லது கன்னம் வைக்கும் இடம் மாறுகிறது. பக்கவாட்டில் நீண்டால் பேரல் மடங்கும் இடத்தின் பிவட் போல்ட் ஆடலாம், ட்ரிகரைப் பக்கமாக இழுக்கலாம், அல்லது துப்பாக்கியைச் சாய்த்துப் பிடிக்கலாம். 5 டிகிரி சாய்த்தால் போதும், 10 மீட்டரில் குண்டு அந்தப் பக்கமே ஏறக்குறைய 1.5 மி.மீ. நகர்ந்துவிடும். இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் எதுவோ லூசாக இருந்து இரண்டு நிலைகளுக்கு நடுவே தாவுகிறது. எல்லாப் பக்கமும் வட்டமாகச் சிதறினால்தான் பெல்லட், பேரல் உட்புறம், கிரவுன் (பேரல் வாயின் ஓரம்) என்ற மூன்றின் மேலும் சந்தேகம் வர வேண்டும். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால் பெல்லட் தலைகுப்புற ஆடிக்கொண்டு போகிறது; அதைத் தனியாகக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெண்ணின் அட்டையில் இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒவ்வொன்றும் தனியே சிதறியும் இருந்தது. அப்படியானால் இரண்டு கோளாறு என்று அப்போதே மனதில் போட்டுக்கொண்டேன்.

ஸ்க்ரூ, சைட், ஸ்கோப்

ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டு முறை உதறும். அந்த உதறலில் துப்பாக்கிக் கட்டையின் முன்பக்க ஸ்க்ரூக்கள் தானாகவே தளரும். அளவு பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரையோ ஆலன் கீயையோ வைத்து எல்லாவற்றையும் பாருங்கள்: முன்கட்டையின் இரு பக்கமும், ட்ரிகர் கார்டிலும். பலம் காட்டி இறுக்க வேண்டாம், மரம் நசுங்கும். அடிக்கடி தளர்ந்தால் ஸ்க்ரூவின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கழற்ற முடிகிற நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விடுங்கள். போட்டி ரைஃபிள்களுக்குத் தயாரிப்பாளர் எவ்வளவு இறுக்கச் சொல்கிறாரோ அந்த அளவுதான். கூடினாலும் குறி மாறும்.

அந்தத் துப்பாக்கியில் வலது முன் ஸ்க்ரூ கிட்டத்தட்ட முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு ஒரு அட்டை சுட்டோம். இரண்டு கூட்டம் ஒன்றானது. ஆனால் அந்த ஒன்று இன்னும் அகலமாகத்தான் இருந்தது.

ஸ்கோப் இருந்தால் மவுண்ட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு முப்பது குண்டு சுடுங்கள். கோடு விலகினால் மவுண்ட் நகர்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளின் இரட்டை உதறலுக்குச் செய்யப்படாத ஸ்கோப் உள்ளேயே உடைந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. குறியை மேலே கொண்டுபோகும் டர்ரெட் திருகைக் கடைசிவரை திருகியிருந்தாலும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, குறுக்குக்கோடு ஒவ்வொரு குண்டுக்கும் இடம் மாறும். வேறொரு நம்பிக்கையான ஸ்கோப்பையோ சாதாரணத் தகடு சைட்டையோ மாட்டிச் சுட்டுப் பார்ப்பதுதான் தீர்ப்பு. சிறு துளை வழியே பார்க்கும் டையாப்டர் சைட் என்றால் அது உட்காரும் தண்டவாளத்தின் இறுக்கத்தையும் முன் சைட்டின் வளையம் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.

பிடிக்கும் முறையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் சிதறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் வெறுமனே கிடத்தி, தோளில் லேசாக வைத்து, அது தன் விருப்பத்துக்கு உதற விட வேண்டும். மணல் மூட்டையின் மேல் கட்டையை நேராக வைக்காமல் நடுவே உங்கள் கையை வையுங்கள்.

பெல்லட்: நான் அதிக நேரம் செலவிடும் இடம்

ஒரே எடை, ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஆனாலும் இரண்டு டின் ஒரே மாதிரி சுடாது. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பேரல் இவற்றில் ஒன்றை விரும்பும், மற்றதைத் துப்பும். எது என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து லேனில் அதே மாடல் வைத்திருப்பவருக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

எச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி போன்ற நிறுவனங்களின் போட்டி பெல்லட்டுகள் ரைஃபிளுக்கு 0.53 கிராம் அளவில் வரும். தலை தட்டையாக இருப்பதால் அட்டையில் வட்டமாக வெட்டும், அளக்க வசதி. நான்கு வகை டின் வாங்க வேண்டாம், நண்பர்களிடம் முப்பது முப்பதாகக் கேட்டு வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். அடுத்த இருபதை இரண்டு அட்டையில் போடுங்கள். பிடித்த வகை கிடைத்ததும் டின்னின் பின்பக்கம் அச்சிட்ட லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு அதே லாட்டில் வாங்க முடிந்தவரை வாங்கிவையுங்கள்.

அடுத்தது பெல்லட்டின் உடம்பு. ஒரு கண்ணாடித் தகட்டை லேசாகச் சாய்த்து வைத்து பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடுங்கள். பின்பக்கப் பாவாடை தலையைவிடச் சற்று அகலம் என்பதால் நல்ல பெல்லட் நேராகப் போகாது. ஒரு வளைவு போட்டு அமைதியாகத் திரும்பும். பாவாடை நசுங்கியது குதித்துக் குதித்து வரும், நடுவழியில் நின்றும் போகும். விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினால் பாவாடையின் ஓரத்தில் நகம் பட்டது போன்ற ஒரு மடிப்பு தெரியும். அந்த மடிப்பு பேரலை விட்டு வெளியே வரும் கணத்தில், பின்னாலிருந்து வரும் காற்று ஒரு பக்கம் முந்திக் கசிகிறது. பெல்லட்டின் பின்பக்கத்தை யாரோ ஒரு பக்கம் தட்டிவிட்டது போல் அது வளைந்து போகும்.

நம் கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் மூடி சரியாகப் போடாத டின்னைத் திறந்தால் பெல்லட் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். ஈயம் ஈரத்தில் பூத்த பூ அது. அதைத் துடைத்துச் சுட நினைக்காதீர்கள், விட்டமே மாறியிருக்கும். அந்தப் பொடி உடம்புக்கும் நஞ்சு. டின்னோடு தள்ளிவைத்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் டின்னைக் கேட்டேன். ஒரு ஓரம் ஒடுங்கியிருந்தது. "பஸ்ல ஒருதடவை கீழ விழுந்துச்சு சார், ஆனா மூடி திறக்கலை" என்றாள். மூடி திறக்காமல் போகலாம். உள்ளே ஒன்றோடொன்று மோதிய ஈயத்துக்கு அது தெரியாது. கண்ணாடியில் இருபதை உருட்டினோம், ஏழு தள்ளாடியது.

பேரலின் உள்ளே

இப்போதுதான் பேரல். முதலில் வெறுமனே சுத்தம்.

எஃகுக் கம்பியும் எஃகு பிரஷ்ஷும் வேண்டாம். கொஞ்சம் கனமான தூண்டில் நரம்போ, புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் இழையோ ஒரு மீட்டருக்கு மேல் எடுத்து, ஒரு முனையில் சின்னக் கண்ணி போடுங்கள். கண்ணி முனையை வாய் வழியாக விட்டு பிரீச் பக்கம் வெளியே எடுங்கள். பழைய பனியன் துணியில் ஒரு சிறு சதுரம் வெட்டிக் கண்ணியில் கோத்து, வாய்ப்பக்கம் இழுங்கள். துணி எப்போதும் பெல்லட் போகும் திசையிலேயே போக வேண்டும். இழுக்கும்போது நரம்பைப் பேரலுக்கு நேர்கோட்டில் பிடியுங்கள். சாய்த்து இழுத்தால் அதில் ஒட்டிய மணல் வாய் ஓரத்தை அறுக்கும்.

முதல் துணி கறுத்து வரும். ஈயமும் பெல்லட்டின் மேல் பூச்சும்தான் அது. இரண்டாவதில் ஏர் கன்னுக்கு என்று விற்கும் கிளீனர் ஒரே சொட்டு. அதன்பின் உலர்ந்த துணி, சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை. துணியில் பளபளவென்று செதில் மாதிரி வந்தால் ஈயம் ஒட்டியிருக்கிறது. கிளீனர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி இழுங்கள். அப்படியும் போகாவிட்டால் மட்டும் 4.5 மி.மீ. பித்தளை பிரஷ், ஒரே திசையில் நாலைந்து முறை. செம்பழுப்பு வந்தால் அது துரு, அது வேறு கதை. நுரைப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த துப்பாக்கியில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இல்லாமல் பெட்டியை மூடாதீர்கள்.

வேலை முழுக்கப் பேரல் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். எண்ணெய் பின்னால் வழிந்து காற்றறைக்குள் போகக் கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளில் தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுகிறவர்கள் நிறைய. பிஸ்டன் அழுத்தும்போது காற்று சூடேறி அந்த எண்ணெய் டீசல் என்ஜினில் போலப் பற்றிக்கொள்ளும். பட்டென்று சத்தம், வாயில் புகை, கருகிய வாடை. அன்றைக்குக் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். முன்பே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் பிசிபி ரைஃபிளில் இது இன்னும் ஆபத்து. உயர் அழுத்தக் காற்றும் பெட்ரோலிய எண்ணெயும் சேரவே கூடாது. அங்கே சிலிகான் கிரீஸ் மட்டுமே. கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் பெல்லட்டைச் சுட்டுச் சுத்தம் செய்வதும் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஆகாது. அதன் எடை பிஸ்டனைத் தாங்காது, பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்ட மாதிரி ஆகும்.

சுத்தம் செய்த உடனே சுட்ட அட்டையைப் பார்த்து மனம் தளராதீர்கள். இருபது முப்பது குண்டு போய் ஈயம் மெல்லப் படிந்த பின்தான் பேரல் தன் இயல்புக்கு வரும்.

இன்னும் சரியாகவில்லை என்றால் பேரலைக் கையால் கேளுங்கள். ஒரு புதுப் பெல்லட்டை பிரீச்சில் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட நேரான கம்பியால் மெதுவாக ஒரே சீராகத் தள்ளுங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் லோடு ஏறியிருக்கக் கூடாது, பிசிபியில் காற்றை இறக்கிவிட வேண்டும். பேரலின் உள்ளே சுருளாக ஓடும் வரிகளான ரைஃப்ளிங்கில் ஏறும்போது முதல் தடை, அதன்பின் வாய்வரை ஒரே அழுத்தம், பல பேரல்களில் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் லேசான இறுக்கம். அந்தக் கடைசி இறுக்கம் வேண்டுமென்றே வைத்தது. அதைச் சோக் என்பார்கள். நடுவில் திடீரென்று பெல்லட் வழுக்கிப் போனால் அங்கே பேரல் அகன்றிருக்கிறது. வாய் அருகே தளர்ந்தால் மிக மோசம். திடீரென்று சிக்கினால் துருவோ ஈயக் கட்டியோ. மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பாருங்கள். ரைஃப்ளிங்கின் வரிகள், பெரும்பாலும் பன்னிரண்டு, தலையைச் சுற்றி ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் வழவழ என்றால் பெல்லட் சாய்ந்து ஏறுகிறது. தலையில் வரியே விழாமல் பாவாடையில் மட்டும் விழுந்தால் அந்த பெல்லட் உங்கள் பேரலுக்குச் சின்னது. அடுத்த அளவுக்குப் போங்கள். ஒரு ஓரத்தில் கத்தியால் கீறியது போலத் தெரிந்தால் பிரீச்சில் பிசிர் இருக்கிறது. பிசிபிக்களில் காற்று வரும் துளையின் விளிம்பில் இது அடிக்கடி இருக்கும்.

பிரீச் சீலும் பிவட்டும்

மடக்கும் ரைஃபிளில் பேரலை மூடி, முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளி அசைவும் கூடாது. அசைந்தால் பிவட் போல்ட்டை இறுக்க வேண்டும். திறந்த பேரல் தன் எடையில் தொப்பென்று விழாமல், விட்ட இடத்தில் நிற்கும் அளவுக்கு இறுக்கம் சரி.

காற்று கசிகிறதா என்று பார்க்க, பிரீச் சேரும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ துண்டை ஒட்டாமல் கிடத்தி, வழக்கம்போல் பெல்லட் போட்டுப் பாதுகாப்பான திசையில் சுடுங்கள். துண்டு பறந்தால் சீல் போய்விட்டது. புது சீல் விலை சொற்பம். கிடைக்கும்வரை பழைய சீலுக்கு அடியில் மெல்லிய வாஷர் வெட்டி வைத்து உயர்த்தலாம். கசிவு ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு அளவு என்பதால் வேகம் மாறும், க்ரூப் செங்குத்தாக நீளும்.

வேகம் எவ்வளவு பாதிக்கும்? காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், நொடிக்கு 170 மீட்டரில் போகும் குண்டு 10 மீட்டரில் 17 மி.மீ. இறங்கும். 165 ஆனால் 18 மி.மீ. வெறும் 5 மீட்டர் வித்தியாசத்தில் 1 மி.மீ. கீழே. போட்டி அட்டையில் 10-ம் வளையம் 0.5 மி.மீ. புள்ளிதான். தசமக் கணக்கில் அந்த 1 மி.மீ. என்பது 0.4 மதிப்பெண்.

பிசிபி வைத்திருப்பவர்கள் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கி, முழு அழுத்தத்திலிருந்து சிவப்புக் கோடுவரை எல்லாக் குண்டின் வேகத்தையும் எழுதிப் பாருங்கள். மெல்ல ஏறியோ இறங்கியோ போனால் கோளாறு காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில். சிறிது நேரம் ஓய்வு கொடுத்துச் சுடும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போனால் ரெகுலேட்டர் கசிந்து அழுத்தம் ஏறுகிறது. இதைத் திறக்க வீட்டில் முயலாதீர்கள், உள்ளே 200 பார் காற்று. வேகம் சீராக இருந்தும் சிலிண்டர் குறையக் குறையக் குறி நகர்ந்தால், பேரலைச் சிலிண்டரோடு பிடிக்கும் வளையத்தைப் பாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தில் சற்றே விரிந்து பேரலைத் தள்ளும். பேரல் தனித்து நிற்க வேண்டிய மாடலில் வளையத்துக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு தடையின்றி ஓட வேண்டும். முன்னால் ஷ்ரவுடு (பேரலை மூடும் வெளிக் குழாய்) இருந்தால் அதன் மூடியின் உள் ஓரத்தில் ஈயம் உரசிய கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நீள்வட்ட ஓட்டைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கிரவுன்

பேரல் வாயில் ரைஃப்ளிங் முடியும் ஓரம்தான் கிரவுன். பெல்லட்டைக் கடைசியாகத் தொடும் உலோகம் அது. சுவரில் சாத்தி வைத்ததில், வாய் வழியாகக் கம்பி விட்டதில், காரில் இடித்ததில் ஒரு மயிரிழைப் பிசிர் எழுந்தாலும் குறி போய்விடும்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்க்குள் அரை சென்டிமீட்டர் விட்டு, ஓரத்தைத் தொட்டபடி மெல்லச் சுற்றி வெளியே இழுங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் அங்கே பிசிர். பிறகு வாயைத் துடைக்காமல் இருபது குண்டு சுட்டு லென்ஸில் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி ஈயச் சாம்பல் ஒரு பூவைப் போல் எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்திருந்தால் கிரவுன் நலம். ஒரு பக்கம் மட்டும் நீண்டு தீற்றியிருந்தால் காற்று அங்கே முந்துகிறது.

சாதாரண ரைஃபிளில் இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். போட்டி ரைஃபிளில் வேண்டாம், தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள். வாயைவிடப் பெரிய உருண்டைத் தலை உள்ள பித்தளை ஸ்க்ரூ ஒன்றும், டூ வீலர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் நைஸான வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டும் போதும். வாய்க்குள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் எண்ணெய்த் துணி அடைத்துவிடுங்கள், பேஸ்ட் உள்ளே போகாமலிருக்க. ஸ்க்ரூவை டிரில்லில் மாட்டி, தலையில் பேஸ்ட் தடவி, மிகக் குறைந்த வேகத்தில் வாயில் வைத்து, டிரில்லின் பின்பக்கத்தைச் சின்ன வட்டமாக ஆட்டிக்கொண்டே பத்து விநாடி. துடைத்துப் பாருங்கள். மறுபடி பத்து விநாடி. ரைஃப்ளிங் முடியும் ஓரம் முழுக்க அறுபடாத, ஒரே அகலமுள்ள மெல்லிய பளபளப்பு வளையம் தெரிந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள். அடைத்த துணியை வாய் வழியாகவே எடுத்து, பேஸ்ட்டின் தடயமே இல்லாமல் பிரீச்சிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள்.

லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேரலின் வெளி உருளையை வைத்து மையம் பிடித்தால் கிரவுன் கோணலாகும், ஏனென்றால் உள் துளை வெளி உருளைக்கு நடுவில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. துளையை வைத்து மையம் பிடிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

எப்போது பேரலை மாற்றுவது

உள்ளே துருக் குழிகள் லென்ஸில் தெரிந்தால். தள்ளும்போது வாய் அருகே தளர்ந்தால். திறந்த நிலையில் சுட்டுப் பேரல் வளைந்திருந்தால். கழற்றிக் கண்ணாடித் தகட்டில் உருட்டும்போது நடுவே வெளிச்சம் தோன்றி மறைந்தால் அது வளைந்ததுதான். இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் நான் பேரலை மாற்றச் சொல்வதில்லை. மாற்றக் கேட்டு அனுப்பும்போது மூன்று அட்டைகளையும், எந்த பெல்லட், எந்த லாட், எத்தனை மீட்டர் என்ற விவரத்தையும், தள்ளிப் பார்த்த பெல்லட்டையும் சேர்த்து அனுப்புங்கள். "குறி தவறுகிறது" என்று மட்டும் எழுதினால் அவர்களும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என்னிடமிருந்த 4.50 தலை பெல்லட் புது டின் ஒன்றைக் கொடுத்தேன். பேரலை நரம்பு விட்டுத் துடைத்தோம், துணி கறுத்துத்தான் வந்தது. பஞ்சுக் குச்சி எங்கும் சிக்கவில்லை. முதல் இருபதைச் சும்மா சுட்டாள். அடுத்த பத்தின் அட்டையை ஸ்கேல் வைத்து அளந்தேன்: வெளி விளிம்பில் 17, கழித்தால் 12.5 மி.மீ. அப்பா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பேரல்?" என்றார். "அது நல்லாத்தான் இருக்கு சார். மாசத்துக்கு ஒருதடவை அந்த ஸ்க்ரூவைப் பாருங்க" என்றேன். மகள் அட்டையின் பின்னால் தேதியும் லாட் எண்ணும் எழுதி, புது டின்னைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.